கொழிஞ்சாம்பாறையில் கார் ஒர்க்‌ஷாப்: சாலையோர நிலமா, உள்ளே இருக்கும் புரையிடமா?

என் தங்கை மகன் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் தொடங்கப் போகிறான். இரண்டு இடங்களைப் பார்த்து, இரண்டுக்கும் வரைபடம் போட்டு வாங்கியிருக்கிறான். ஒன்று பொள்ளாச்சி–பாலக்காடு சாலையை ஒட்டிய 20 சென்ட். மற்றது பஞ்சாயத்து ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் 28 சென்ட் புரையிடம், அதாவது வயல் அல்லாத, கட்டடம் கட்டக்கூடிய நிலம். வீட்டில் எல்லோருக்கும் சாலையோர இடம்தான் பிடித்திருக்கிறது. நான் உள்ளே இருப்பதைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

சாலையோர இடத்துக்கு என்ன பலம் என்று சொல்லவே வேண்டாம். கோபாலபுரம் வழியாக வரும் வண்டியெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே போகும். ஆனால் வில்லேஜ் ஆபீஸ் பதிவில் அது ‘நிலம்’, அதாவது வயல். எப்போதோ மண் கொட்டி மேடாக்கி, தென்னையும் வைத்துவிட்டார்கள் என்பதால் அது புரையிடம் ஆகிவிடாது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் இருந்தால், முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும். அதன் பிறகே பதிவில் நிலத்தின் தன்மையை மாற்ற விண்ணப்பிக்க முடியும். இடைத்தரகர் “எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். உத்தரவு கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இடம் பதிவிலேயே புரையிடம். அங்கே இந்த அலைச்சல் இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மண். கேரளத்தில் கரிசல்மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டாரத்தில்தான். சாலையோர இடத்தில் கொட்டிய மண்ணுக்கு அடியில் அந்தக் கரிசல்தான் கிடக்கிறது. மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுக்குச் சுவர் விரிசலோடு போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் அப்படி இல்லை. வண்டியைத் தூக்கும் இரண்டு தூண் லிப்ட் தரைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிற்பது. தரை ஒரு பக்கம் தூக்கினால் தூண் சாயும். மேலே இரண்டு டன் வண்டி, கீழே ஒரு பையன். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் போட்டு இறுக்கலாம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் பைல் தூண்களை இறக்கலாம். ஆனால் வரைபடத்தில் வெறும் நான்கு அங்குலத் தரைதான் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இடத்தில் தோண்டிய குழியில் செம்மண்ணும் சரளையும் வந்தன. அங்கே ஆறு அங்குலக் கான்கிரீட்டைக் கம்பியோடு போட்டால் தரை நம்பிக்கையாக நிற்கும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேற்குக் காற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாலையோர வரைபடத்தில் நான்கு ஷட்டரும் மேற்கே பார்க்கின்றன. திறந்து வைத்த எஞ்சினுக்குள் புழுதி போய் விழும், மழை வந்தால் சாரலும் உள்ளே வரும். உள்ளிடத்து வரைபடத்தில் வாசல் வடக்கே. மேற்குச் சுவர் மூடியது, உயரத்தில் மட்டும் காற்றுத் துளைகள். அதை வரைந்தவர் இந்த ஊரில் வாழ்ந்தவர் என்று பார்த்ததும் தெரிகிறது.

ஒரு வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தின் (பே) அகலம் சாலையோர வரைபடத்தில் 3 மீட்டர். லிப்ட்டே அதில் அடங்காது, கதவைத் திறப்பது எங்கே? மற்றதில் 4 மீட்டர், போதும். ஆனால் அந்த நல்ல வரைபடத்திலும் ஒரு பெரிய குறை: கூரையின் கீழ்மட்டம் 3.6 மீட்டர்தான். இன்னோவா சுமார் 1.8 மீட்டர் உயரம். அதை 1.8 மீட்டர் தூக்கினால் கூரை இரும்பில் முட்டும். 4.5 மீட்டருக்கு உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

வாட்டர் சர்வீஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிளாச்சிமடை இதே சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. நிலத்தடி நீருக்காக அந்த மக்கள் போராடி, 2004இல் குளிர்பான ஆலை நின்றது. அப்படிப்பட்ட மண்ணில் போர் போட்டுக் கண்டபடி கார் கழுவுவது நியாயமில்லை. சாலையோர வரைபடத்தில் கழுவும் மேடை முன்னாலேயே, சாலை எல்லையிலிருந்து கட்டடம் கூடாத 3 மீட்டருக்குள் இருக்கிறது. கழிவுநீர் நேராக ஓடைக்கு, அங்கிருந்து வயலுக்குப் போகும். உள்ளிடத்தில் மேடை பின்பக்கம், எண்ணெய் பிரிக்கும் மூன்று அறைத் தொட்டியோடு. கூரை 200 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். அதைப் பிடிக்க ஒரு தொட்டியை வரைபடத்தில் சேர்க்கச் சொன்னேன். பழைய எஞ்சின் ஆயில் அபாயகரக் கழிவு. அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பேரல் வைக்கக் கூரையும், சிந்திய ஆயில் வெளியே ஓடாமல் தடுக்கும் வரம்பும் உள்ள தனி மூலை வேண்டும். இரண்டு வரைபடத்திலும் அது இல்லை.

உள்ளிடத்தின் பலவீனம் வழி. பஞ்சாயத்து ரோட்டின் திருப்பத்தில் பழுதான வண்டியை இழுத்துவரும் லாரி திரும்ப வேண்டும். சாலையில் அம்புக்குறிப் பலகை வைத்தால் இடம் கண்ணில் படாத குறை ஓரளவு தீரும், ஆனால் திருப்பத்தின் அகலம் பலகையால் கூடாது. அதனால் ஒரு லாரியை வரவழைத்து, கேட் வரை ஓட்டி, உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு அதன் பிறகு ஒப்பந்தம் எழுதட்டும்.