27 அங்குலத் திரை: 4கே வேண்டுமா, 1440பி போதுமா?

ஒரு வாரம் மட்டும் என் மேசையில் இரண்டு கணினித் திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடப்பக்கம் இரண்டு வருஷமாக வைத்திருந்த 4கே (3840க்கு 2160 பிக்சல், அதாவது புள்ளிகள்), 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும்). வலப்பக்கம் புதிதாக வந்த 1440பி (2560க்கு 1440), 165 ஹெர்ட்ஸ். இரண்டுமே 27 அங்குலம். இப்போது வலப்பக்கம் இருந்ததுதான் வீட்டில் இருக்கிறது. "நல்லதை வித்துட்டு கம்மியானதை வாங்கியிருக்கியேடா மச்சான்" என்று நண்பர்கள் கேட்டார்கள். கம்மியானது என்று நான் நினைக்கவில்லை.

கூர்மையில் 4கே மேல்தான், அதில் விவாதமே இல்லை. 27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 பிக்சல், 1440பி என்றால் 109. எழுத்தில் இது உடனே தெரியும். சின்ன அளவில் தமிழ் படிக்கும்போது ணகரத்தின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் 4கே திரையில் அச்சடித்த மாதிரி நிற்கும். 1440பியில் கொஞ்சம் கரைந்துதான் இருக்கும். பகல் முழுக்க அதே திரையில் வேலை என்றால் 4கே வாங்குவதில் முழு நியாயம் இருக்கிறது.

விளையாட்டு வேறு. தம்பி சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவையில் இருக்கிறான், சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனை இரண்டு திரைக்கும் முன்னால் உட்காரவைத்தேன். ஃபோர்ஸா ஹரைசன் 5, கார்ப் பந்தய விளையாட்டு. காரை நிறுத்திவிட்டு சுற்றிப் பார்த்தபோது, "இடப்பக்கந்தான் அண்ணே, கள்ளிச்செடி முள்ளுகூட தனித்தனியா தெரியுது" என்றான். சரிதான். காரை ஓட்டத் தொடங்கியதும் இரண்டு நிமிஷத்தில் நாற்காலியை வலப்பக்கம் இழுத்துக்கொண்டான். அதன்பிறகு திரும்பவே இல்லை.

காரணம் எளிது. இந்த வகைத் திரையில் ஒரு ஃபிரேம் (கணினி வரைந்து தரும் ஒரு படம்), அடுத்தது வரும்வரை அசையாமல் நிற்கிறது. நம் கண்ணோ ஓடும் பொருளைத் தொடர்ந்துகொண்டே போகிறது. அதனால் படம் கலங்கித் தெரிகிறது. ஒரு விநாடியில் பாதித் திரையைக் கடக்கும் பொருள் 60 ஃபிரேமில் ஒவ்வொரு தடவையும் 5 மில்லிமீட்டர் தாவுகிறது. என் கணினி 1440பியில் எட்டும் 95 ஃபிரேமில் அது 3 மில்லிமீட்டர். 4கேயின் பிக்சல் ஒவ்வொன்றும் 0.16 மில்லிமீட்டர்தான். அத்தனை நுணுக்கமும் அந்தக் கலங்கலில் போய்விடுகிறது. 60 ஃபிரேமுக்கு மேல் போகாத விளையாட்டுகளும் உண்டு, எல்டன் ரிங் அப்படித்தான். அங்கே 165 ஹெர்ட்ஸால் பெரிய லாபம் இல்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது அசைவு அல்ல, தீனி. 4கே திரை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. 1080பியில் (1920க்கு 1080) சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் இத்தனை பிக்சலுக்கும் 16.7 மில்லிவிநாடிக்குள் நிறம் கணக்கிட்டாக வேண்டும். 1440பியைவிட 2.25 மடங்கு புள்ளிகள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும், விளையாடும் நேரம் முழுக்க. திரைக்கு ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது. படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு அப்படி விடாது.

என்னுடையது 8 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தர கார்டு. முதல் வருஷம் பிரச்சினை இல்லை. அடுத்த வருஷம் வந்த விளையாட்டுகளில் முதலில் நிழலின் தரத்தைக் குறைத்தேன், பிறகு டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை), கடைசியில் ரெசல்யூஷனையே 1440பிக்கு இறக்கினேன். அங்கேதான் மனசு விட்டுப்போனது. 4கே திரையில் 1440பி படம் 1.5 மடங்காக விரிகிறது. பிக்சலுக்குப் பிக்சல் சரியாக உட்காராததால் எல்லாமே மெல்லிய துணி போர்த்தின மாதிரி மங்கல். 1080பி என்றால் நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகக் கணக்கு நேராக வரும், ஆனால் அதற்கு எதற்கு 4கே?

டிஎல்எஸ்எஸ் இருக்கிறதே என்பார்கள், சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியாவின் நுட்பம். 4கேயில் அதன் 'குவாலிட்டி' நிலையில் கார்டு உண்மையில் வரைவது 2560க்கு 1440தான். மீதியை ஊகித்து நிரப்புகிறது. வெறும் 1440பியைவிட அது நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிரப்புவதற்கும் நேரம் பிடிக்கிறது, நினைவகமும் கூடுதலாக வேண்டும். மின்கம்பி, இலைநுனி மாதிரி மெல்லியவை நகரும்போது பின்னால் ஒரு நிழல் இழுத்துக்கொண்டு போவதும் என் கண்ணுக்குப் பட்டது.

சமாளிக்காமல் 4கே ஓட்ட வேண்டுமென்றால் பெரிய கார்டு வேண்டும். 2022 அக்டோபரில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் அறிமுக விலை 1,599 அமெரிக்க டாலர், 450 வாட். 2023 ஏப்ரலில் வந்த 4070, 599 டாலர், 200 வாட். மின்கட்டண வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த மாட்டேன். தினம் மூன்று மணி நேரம், யூனிட்டுக்கு 30 காசை ஒட்டி என்றால் மாதம் ஏழு வெள்ளிக்குள்தான் (சிங்கப்பூர் டாலர்). தொல்லை, வெப்பம். இழுக்கிற மின்சாரம் முழுக்க அறைக்குள் அனலாகத்தான் இறங்குகிறது. வீவக வீட்டின் (அரசு அடுக்குமாடி) சின்ன அறை, நம் ஊர்ப் புழுக்கம், கதவைத் திறந்த அம்மா "என்னடா உள்ளே அடுப்பு எரியுதா?" என்றார். என் நடுத்தர கார்டுக்கே அந்த நிலைமை. பெரிய கார்டென்றால் ஏர்கானும் சேர்ந்து ஓட வேண்டும்.

எத்தனை பிக்சல் என்பதைவிட எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. 2017இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி கையில் இருக்கும்போது வெறும் 720பி, ஆனால் 6.2 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 237 பிக்சல், என் 4கே திரையைவிட நெருக்கம். பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை ரயிலில் அதில் செல்டா என்ற விளையாட்டை ஆடியிருக்கிறேன். படம் போதவில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

வரவேற்பறைத் தொலைக்காட்சி பற்றி என் அனுபவம் கொஞ்சம்தான். செங்காங்கில் அத்தான் வீட்டில் 55 அங்குல 4கேயில் பிளேஸ்டேஷன் 5 சில மாலைகள் ஆடியதோடு சரி. சோபா இரண்டரை மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் சராசரிக் கண்ணுக்கு 1080பி பிக்சலே பிரிந்து தெரியாது. அங்கே என்னைக் கவர்ந்தது எச்டிஆரின் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் பட முறை) வெளிச்சமும் நிறமும்தான். பிக்சல் ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் நிறைய நேரம் உட்கார்ந்ததில்லை, அதனால் அதை இந்த ஒப்பீட்டில் இழுக்கவில்லை.

620 வெள்ளிக்கு வாங்கிய 4கே 350க்குப் போனது, புதியது 330. வாங்க வந்தவர் புக்கிட் பாத்தோக்கில் புகைப்படத் தொகுப்பு வேலை செய்கிறவர். என் மேசையிலேயே ஒரு படத்தைத் திறந்து, புடவைக் கரையின் சரிகை நூலை உற்றுப் பார்த்துவிட்டு உடனே பணத்தை எடுத்தார். புளோக்கின் கீழ்த்தளம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேலே என் கணினியில் அதே பழைய கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிழலின் தரத்தை மறுபடி கூட்டிவைத்து.