ஹை-ரெஸ் பாட்டு வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் காசு போடுமுன் இதை வாசியுங்கள்

போன மாதம் 12 ஆல்பங்களுக்கு 18,000 ரூபா கட்டினேன். அதில் ஒன்றுகூட உண்மையான ஹை-ரெஸ், அதாவது சீடியைவிட நுணுக்கமான ஒலிக்கோப்பு, இல்லை. காசை வாங்கியவர் இப்போது என் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டார். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பாட்டுக் குழுக்களில் அதே விளம்பரம் இன்னும் வந்துகொண்டிருப்பதால் நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்லடி. அப்பா இளவயதில் வயலின் படித்தவர், வானொலியில் போன கச்சேரிகளைக் கசற்றில் பதிந்து பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வந்தபோது அந்தப் பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. மறுகா அவர் அதைப் பற்றிப் பேசினதே இல்லை, ஆனால் யூடியூப்பில் ஏதாவது கச்சேரி போட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார். அதனால்தான் இந்த வருடம் கொஞ்சம் காசு சேர்த்து, கோப்பில் இருக்கும் எண்களை ஒலியாக மாற்றித் தரும் ஒரு சின்ன டி.ஏ.சி. கருவியும் கம்பி வைத்த நல்ல ஹெட்போன் ஒன்றும் வாங்கினேன். இனி அதற்குத் தக்க பதிவுகள் வேண்டும் அல்லவா.

சீடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். பிட் என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள் என்பது, இங்கே கிலோஹேர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறார்கள் என்பது. ஹை-ரெஸ் என்று விற்பது பெரும்பாலும் 24 பிட், 96 அல்லது 192 கிலோஹேர்ட்ஸ். அதை டவுன்லோட்டாக விற்கிற வெளிநாட்டுக் கடை ஒன்றில் அப்பாவுக்குப் பிடித்த மாதிரி வயலின் பதிவுகள் கிடந்தன. கணக்குத் திறந்தேன், கூடையில் போட்டேன், அட்டை இலக்கம் கேட்கும் இடம்வரை ஒரு தடையும் இல்லை. கடைசியில் நாட்டைத் தேர்வு செய்யச் சொன்னால், பட்டியலில் இலங்கை இல்லை. இன்னொரு கடைக்குப் போனேன், அங்கேயும் அதே கதை. ‘இது உங்கள் நாட்டில் கிடையாது’ என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் இரண்டு இரவு மிச்சமாகியிருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பதிவை எந்தெந்த நாட்டில் விற்கலாம் என்று உரிமை வைத்திருக்கும் கம்பனி தனித்தனியாக அனுமதி கொடுக்கிறது. வரியும் வாங்குகிறவரின் நாட்டைப் பொறுத்தது, ஐரோப்பாவில் 2015 முதல் அப்படித்தான். நம்மைப் போன்ற சின்னச் சந்தைக்காக அந்த வேலையெல்லாம் பார்க்க அவர்களுக்கு மனமில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு முறைப்படி வாங்க நிற்கிறவனுக்கு விற்க மாட்டோம் என்பது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அந்தக் கோபத்தில் இருக்கும்போதுதான் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘எந்த ஆல்பமும் 24/96, ஒரிஜினல், 1,500 ரூபா.’ வட்ஸ்அப்பில் கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார், ‘அண்ணே, அண்ணே’ என்றுதான் எல்லாச் செய்தியும். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, ‘அண்ணே, அது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலை, நான் மலிவான நாட்டுக் கணக்கில் வாங்கித் தருகிறேன்’ என்றார். நான் நம்பினேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபோது மாதக் கட்டணம் அமெரிக்காவில் கட்டுவதைவிட மிகவும் குறைவாகத்தான் வந்தது. மாதச் சந்தாவுக்கு நாட்டுக்கு நாடு விலை மாறும். ஆனால் டவுன்லோட்டாக விற்கும் 24 பிட் ஆல்பம் அப்படி இல்லை. நான் பார்த்தவரை ஒன்று 15 முதல் 20 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 4,500 ரூபாவுக்குக் குறையாது. இந்தக் கணக்கைக் காசு போட முதல் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் தன் கணக்கில் வாங்கியதை இன்னொருவருக்கு விற்க அந்தக் கடைகளில் அனுமதியும் இல்லை, அதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

வங்கியில் நேரடியாகப் போட்டேன். அன்று இரவே லிங்க் வந்தது. ஒவ்வொரு ஆல்பமும் ஒரு ஜிபிக்கு மேல், எல்லாம் ஒலியில் எதையும் வெட்டாமல் சேமிக்கிற ஃப்ளாக் கோப்புகள், திறந்து பார்த்தால் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் என்றே காட்டியது. நான்கு நாள் இரவு டேட்டாவில் இறக்கினேன்.

ஐந்தாம் நாள் அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டு, “மனே, இந்தத் தம்புரா ஏன் தண்ணிக்குள்ள கிடந்து நடுங்குது?” என்று கேட்டார். எனக்கு அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு கேட்டால், மெய்தான், சுருதி நேராக நிற்காமல் அலைந்துகொண்டே இருந்தது.

விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அவர் தன் மடிக்கணினியில் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தார். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்வரை ஒலி இருக்கிறது என்று அது படமாகக் காட்டும். 96 கிலோஹேர்ட்ஸ் கோப்பில் படம் அதன் பாதியான 48 கிலோஹேர்ட்ஸ்வரை போகும். எங்கள் படத்தில் 16 கிலோஹேர்ட்ஸ்வரைதான் நிறம், அதற்கு மேலே கத்தியால் வெட்டிவிட்டது போல முழுக் கறுப்பு. நன்றாகச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்.பி.3 ஒன்றின் வெட்டு வழக்கமாக விழுகிற இடம் அது. 12இல் மூன்று ஆல்பம் இப்படி. மற்ற ஒன்பதும் சீடியின் 44.1இல் பாதியான 22க்குக் கிட்ட நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தன, அதாவது சீடியை எடுத்து 96 ஆக மாற்றியவை.

கோப்பு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, ஆகவே நானே செய்து பார்த்தேன். ஆறு நிமிட எம்.பி.3 ஒன்று, ஆறு எம்பிகூட இல்லை. அதை ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் ஃப்ளாக்காகச் சேமித்தேன். 100 எம்பியைத் தாண்டியது! தகவல் பகுதியில் ஹை-ரெஸ் என்றே காட்டுகிறது, பாட்டில் ஒரு துளிகூட ஏறவில்லை. ஒரு நிமிட வேலை. இதற்குத்தான் ஆல்பத்துக்கு 1,500.

ஒன்று சொல்ல வேண்டும், படத்தின் மேல்பகுதி வெறுமையாக இருப்பதாலேயே எல்லாம் மோசடி ஆகிவிடாது. பழைய டேப் பதிவுகளில் உயர் அதிர்வெண் இயல்பாகவே குறைவு, ஆனால் அங்கே நிறம் மெல்ல மெல்ல மங்கிப் போகும், டேப்பின் இரைச்சல் அதற்கு மேலும் புகை போலத் தெரியும். கோடு போட்டது போல வெட்டு விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மையான கடையில் வாங்கியதிலும் சிலவேளை இப்படி வரும், கம்பனி கொடுத்ததே அப்படியாக இருக்கலாம். அங்கே உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு இருக்கும், திருப்பிக் கேட்கலாம்.

படங்களை அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதலில் ‘கம்பனி தந்ததே அப்படித்தான் அண்ணே’ என்றார். சரி, நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டுங்கள், பெயரை மறைத்துவிட்டே காட்டுங்கள் என்றேன். நீல நிற டிக் இரண்டும் விழுந்தன, பதில் வரவில்லை, அடுத்த நாள் காலை அவருடைய படமே தெரியவில்லை. வங்கியில் கேட்டபோது, நானே விரும்பி அனுப்பிய பணத்தைத் திருப்ப வழியில்லை என்றார்கள். அட்டையில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பவாவது ஒரு வழி இருந்திருக்கும். அதனால்தான் இவர்கள் அட்டை வேண்டாம், நேரடியாகப் போடுங்கள் என்கிறார்கள்.

வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் விபிஎன் போடு என்று சொல்பவர்களுக்கும் ஒரு சொல். ஏறாவூரில் இருக்கும் என் நண்பர் அப்படித்தான் வெளிநாட்டு முகவரி ஒன்றைக் கொடுத்து இரண்டு ஆல்பம் வாங்கினார். அட்டை இலங்கையில் வழங்கப்பட்டது என்று பிறகு கண்டுபிடித்துக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். விதிமுறையை மீறியது அவர், யாரிடம் போய் முறையிடுவது?

நம் நாட்டில் இருந்தே நேராக வாங்க வழி இல்லாமல் இல்லை. பேண்ட்கேம்ப்பில் கலைஞர்களே விற்கிறார்கள், இலங்கை அட்டையில் கட்டினேன், ஃப்ளாக்காக இறங்கியது, பற்றுச்சீட்டு மின்னஞ்சலுக்கு வந்தது. பழைய பெரிய கம்பனிப் பதிவுகளை அங்கே தேட வேண்டாம், இப்போது வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பிள் மியூசிக்கில் 2021 முதல் மேலதிகக் கட்டணம் இல்லாமலே 24/192வரை கிடைக்கிறது, ஆனால் அது சந்தா, கட்டுவதை நிறுத்தினால் பாட்டும் போய்விடும். ஐபோனில் 48 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்க வெளியே ஒரு டி.ஏ.சி. வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவர் இந்த ஹை-ரெஸ்ஸுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், வழியிலேயே சுருக்கிவிடும்.

யாராவது இப்படி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால், முழுக் காசையும் போட முதல் ஒரே ஒரு பாட்டை மாதிரிக்குக் கேளுங்கள். கணினி இல்லாதவர்கள் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், ஸ்பெக்கில் போட்டுப் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முழுப் பாட்டும் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும், ஆனால் வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பாமல் டொக்யுமென்ட்டாக அனுப்புங்கள்.