நிழற்குடைகளுக்கு ஒரே பெயர்: ஆறு ஆண்டு அனுபவம்

ஊர் ஊராகப் போய்ப் பேருந்து நிழற்குடைகளை வரைவது என் பொழுதுபோக்கு. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியது, தாத்தாவின் நினைவாகப் பேரன்கள் கட்டிக் கொடுத்தது, கூரை போய்த் தூண் மட்டும் மிஞ்சியது என எல்லாம் என் நோட்டில் உண்டு. அந்தப் படங்களைப் போடும் எல்லாத் தளங்களிலும் ஒரே பயனர்பெயர் வைக்க நான் பட்ட பாடுதான் இது. 2017இல் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கியபோது, ஆங்கில எழுத்தில் ‘நிழற்குடை’ என்ற பெயர் யாரிடமோ இருந்தது. யோசிக்காமல் ‘நிழற்’, ‘குடை’ இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். தமிழில் றகரத்தின் தலையில் உட்காரும் புள்ளி, ஆங்கில எழுத்தில் தரையில் விழுந்து கிடந்தது.

அந்தப் புள்ளி இரண்டு ஆண்டுகள் படுத்திய பாடு சொல்லி மாளாது. அப்போது ட்விட்டராக இருந்த எக்ஸ் தளத்தில் புள்ளி செல்லாது. எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். டெலிகிராமிலும் அப்படியே. ஜிமெயிலும் பேஸ்புக்கும் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆகவே ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் அடிக்கோடு, இன்னோரிடத்தில் கடைசியில் 17. ஒரு கண்காட்சியில் என் படங்களை வைத்தவர்கள், நன்றி சொல்லும்போது குடை விற்கும் ஒருவரின் கணக்கை இணைத்துவிட்டார்கள். அவரும் பெருந்தன்மையாக ஓர் இதயம் போட்டிருந்தார்.

2019இல் புதுப் பெயர் தேடினேன். முதலில் பிடித்தது ‘நிழற்குடைவரை’. ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் 16 எழுத்து. எக்ஸ் தருவதோ 15. இன்ஸ்டாகிராம் 30, டெலிகிராம் 32 வரை இடம் கொடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் கஞ்சனின் அளவுதான் நமக்கும் அளவு. ழகரத்துக்காக ‘இசட்’டுக்குப் பின்னால் போடும் ‘எச்’ எழுத்தை எடுத்துவிட்டால் சரியாக 15 வரும் என்றான் தம்பி. ழகரத்தைக் கெடுத்துப் பெயர் வாங்குவதற்கு அந்த 17ஐயே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ‘நிழற்குடைகள்’ என்று பன்மையாக்கினேன். 14 எழுத்து. புள்ளியும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்க நேம்செக் போன்ற கருவிகள் உதவின. முழுதாக நம்ப முடியவில்லை. காலி என்று காட்டிய இரண்டு இடங்களில் பதிவு செய்யப் போனால் மறுத்தது. முடக்கப்பட்ட கணக்குகளின் பெயர்கள் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுமாம். கிடைத்த தளங்களில் எல்லாம் அன்றிரவே பதிவு செய்தேன், பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்தவற்றிலும்.

அதன் பலன் பிறகுதான் தெரிந்தது. 2022 அக்டோபரில் யூடியூப் தனிப் பெயர்களை அறிவித்தபோதும் என் பெயர் எனக்கே கிடைத்தது. 2023 ஜூலையில் இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் திரெட்ஸ் தளம் வந்தபோது இன்ஸ்டாகிராம் பெயரே தானாக வந்து உட்கார்ந்தது. எக்ஸ் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் சொந்த இணைய முகவரியையே பெயராக வைக்கலாம் என்பதால் அதையும் வாங்கினேன். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. இத்தனையிலும் எனக்கு நிம்மதி தருவது அந்த முகவரிதான். மற்றவை வாடகை வீடு. எக்ஸ் எனப் பெயர் மாற்றியபோது அந்த நிறுவனம் அந்த ஒற்றை எழுத்துப் பெயரை, 2007 முதல் வைத்திருந்த சான்பிரான்சிஸ்கோ புகைப்படக் கலைஞரிடமிருந்து காசு கொடுக்காமலே எடுத்துக்கொண்டது. ஒரு குட்டி எழுத்துக்கே அந்தக் கதி.

தவறும் செய்திருக்கிறேன். ஒரு தளத்தில் பெயரை மாற்றிய கையோடு பழைய பெயரில் ஒரு வெற்றுக் கணக்கைத் திறந்து வைக்க மறந்தேன். சில வாரங்களில் யாரோ அதைப் பிடித்துக் கடன் விளம்பரம் போடத் தொடங்கினார். என் பழைய படங்களுக்குக் கீழே பிறர் குறித்திருந்த பெயரைத் தொட்டால் இன்றும் அந்தக் கடன்காரரிடம்தான் போய் நிற்கும். புகார் கொடுத்தேன், தானியங்கிப் பதில் வந்தது.

காலிக் கணக்குகளுக்கும் சோறு போட வேண்டும். 30 நாளுக்கு ஒருமுறையாவது உள்நுழையச் சொல்கிறது எக்ஸின் விதி. கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் நீக்கப்படலாம். மாதம் முதல் தேதி மின்கட்டணம் பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் திறந்து மூடுகிறேன். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு படியும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் எல்லாவற்றிலும் உண்டு.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: ஒரு பெயரைப் பிடித்தால் என் கிளைகள் எல்லாம் அகப்படும். சமையல் குழு ஒன்றில் நான் போட்ட சண்டையைப் பெரியம்மா படித்துவிட்டு ஊர் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வாய்ச்சண்டைக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறேன். அதை இங்கே சொல்வதாக இல்லை.

புள்ளியோடு அச்சடித்த பழைய அட்டைகள் 140 இன்னும் மீதி இருக்கின்றன. பேனாவால் புள்ளியை அடித்து, வால் பக்கம் மூன்று எழுத்தைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.