ஒஹாயோ நதிக்கரையில் பிட்ஸ்பர்க்கா, சின்சினாட்டியா, லூயிவில்லா?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன் என்று ஒரு சுற்று முடித்ததும், "அடுத்து எங்கே?" என்று கேட்கிறார்கள். ஒஹாயோ நதிக்கரைக்குப் போங்கள் என்பேன். ஏறத்தாழ 1,580 கிலோமீட்டர் ஓடி மிசிசிப்பியில் கலக்கும் இந்த நதியின் கரையில், கூட்ட நெரிசலும் கொள்ளை விலையும் இல்லாத மூன்று நடுத்தர நகரங்கள் இருக்கின்றன. மூன்றின் சுற்றுலா விளம்பரங்களும் ஒன்றுபோலவே பாலம், படகு, விளையாட்டு மைதானம் என்று அடுக்கும். அவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு நதிக்கரை நகரம் தன் நதியை நமக்கு எப்படிக் காட்டுகிறது என்பதையே நான் பார்ப்பேன்.

கார் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், பிட்ஸ்பர்க்தான். அலெகெனி, மொனாங்கஹீலா என்ற இரண்டு நதிகள் கூடி ஒஹாயோவாகும் முனையில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே நிற்கும் 1764-ஆம் ஆண்டின் சிறு காவல் கட்டடம், கோட்டை போன பிறகும் தப்பிப் பிழைத்தது. நகர மையத்திலிருந்து அலெகெனி நதிக்கு அடியில் புகுந்து மறுகரை போகும் ரயிலில், அந்தப் பகுதிக்குள் டிக்கெட்டே வேண்டாம். மாலையில் வாஷிங்டன் மலைமேல் ஏறுங்கள். 1870-லும் 1877-லும் தொடங்கிய இரண்டு இழுவை ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு அதைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. மேலே நின்றால் மூன்று நதிகளும், ஒரே அச்சில் வார்த்த மூன்று மஞ்சள் பாலங்களும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும்.

பெற்றோருடன் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பென் ஹில்ஸ் பகுதியில் 1970-களில் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில், அமெரிக்காவில் நம் ஆகம முறைப்படி கட்டப்பட்ட முதல் கோயில்களில் ஒன்று. தரிசனம் முடித்து அங்கேயே புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிடலாம். பிட்ஸ்பர்க்கிடம் எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று: நதியை அது உயரத்திலிருந்தே காட்டுகிறது. படம் அழகாக வரும்; நதியின் கதை பிடிபடாது.

கதை வேண்டுமென்றால் சின்சினாட்டி. வடகரை ஒஹாயோ மாநிலம், தென்கரை கென்டக்கி. உள்நாட்டுப் போருக்கு முன் வடகரையில் அடிமை முறை கிடையாது. தென்கரையில் அது சட்டம். நடுவே இந்த நீர்ப்பரப்பு மட்டும்தான். கரையோரத்தில் 2004-இல் திறந்த தேசியச் சுதந்திர மையம் என்ற அருங்காட்சியகத்துக்குள் ஒரு மரக்கட்டைக் கொட்டடி முழுதாக நிற்கிறது. கென்டக்கியின் மேசன் கவுன்டியில் ஒரு பண்ணையில் இருந்ததைப் பிரித்து எடுத்து வந்து மறுபடியும் பூட்டியிருக்கிறார்கள். தெற்கே விற்க அனுப்பும் வரை மனிதர்களை அடைத்து வைத்த இடம் அது. சன்னல்கள் சிறியவை. மேல்தளத்து உத்தரத்தைப் பாருங்கள், சங்கிலி கோக்கும் இரும்பு வளையங்கள் தெரியும். உள்ளே பேச்சு தானாக அடங்கிவிடும். நதியைக் கடந்தாலும் விடுதலை உறுதியில்லை. தப்பியவரைப் பிடித்துத் திருப்பி அனுப்ப 1850-இல் ஒரு சட்டமே வந்தது. 1856 ஜனவரியில் உறைந்த நதிமேல் குடும்பத்தோடு நடந்து இந்த ஊருக்கு வந்த மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாகக் கூடாது என்று தன் மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அதற்குப் பிறகும் அவளைத் திருப்பித்தான் அனுப்பினார்கள்.

மையத்துக்குப் பக்கத்திலேயே ரோப்ளிங் தொங்கு பாலம். 1866-இல் திறந்தபோது 322 மீட்டர் நடுவீச்சுடன் உலகிலேயே நீளமானதாக இருந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்ததும் அதே பொறியாளர் ரோப்ளிங்தான். இரும்புக் கம்பித் தளத்தில் கார்கள் உருளும்போது பாலமே ரீங்கரிக்கும். கொட்டடியைப் பார்த்த கையோடு அதில் கென்டக்கிக்கு நடந்து போய்த் திரும்புங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இலவச டிராமில் ஃபின்ட்லே சந்தைக்குப் போகலாம். ஊரின் பேர்பெற்ற 'சில்லி' என்பது மாட்டிறைச்சிக் குழம்பை நூடுல்ஸ்மேல் ஊற்றித் தருவது. சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனாலும் என் ஓட்டு லூயிவில்லுக்கே, நிபந்தனையோடு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நதியில் நீர் வற்றும் காலத்தில், காரோடு போக வேண்டும். இந்த ஊருக்குப் பயணிகள் ரயிலே கிடையாது.

ஒஹாயோவின் முழு நீளத்திலும் படகுகளை மறித்த இயற்கைத் தடை ஒன்றுதான். இங்கே சுண்ணாம்புப் பாறைத் திட்டின் மேல் நதி மூன்று கிலோமீட்டருக்குள் எட்டு மீட்டர் இறங்குகிறது. படகுகள் நின்று சரக்கை இறக்கிச் சுமந்து போக வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் ஊர் முளைத்தது. 1830-இல் கால்வாய் வெட்டினார்கள். சரக்குப் படகுகள் இன்றும் மதகுக் கதவுகள் வழியாகத்தான் இறங்குகின்றன. எதிர்க்கரை இந்தியானாவின் கிளார்க்ஸ்வில்லில் இருக்கும் பூங்காவிலிருந்து படியிறங்கினால் நதியின் படுகையிலேயே நடக்கலாம். காலடியில் 39 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் பாறை. கையிலிருக்கும் பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். சாம்பல் நிறக் கல் கறுத்து, கொம்பு வடிவப் பவளங்களும் தேன்கூடு போன்ற அறைகளும் துலங்கி வரும். இந்த நிலம் அன்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆழமற்ற வெதுவெதுப்பான கடலாக இருந்தது. ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வர அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. வசந்தத்தில் போனால் இத்தனையும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.

மாலைக்கு பிக் ஃபோர் பாலம் போதும். 1895-இன் ரயில் பாலத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து, 1914-இல் பிட்ஸ்பர்க்கில் கட்டி இன்றும் ஓடும் 'பெல் ஆஃப் லூயிவில்' நீராவிப் படகு போவதைப் பார்க்கலாம். முகமது அலி பிறந்த ஊர் இது. அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மே முதல் சனிக்கிழமை நடக்கும் குதிரைப் பந்தயத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை எகிறிவிடும்.

சின்சினாட்டிக்கும் லூயிவில்லுக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர்தான். நீண்ட வார இறுதியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். பிட்ஸ்பர்க் அங்கிருந்து ஐந்து மணி நேரத் தொலைவு, அதைத் தனிப் பயணமாக வைப்பதே நல்லது. லூயிவில்லில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் தெற்கே மாமத் குகைக்குப் போங்கள். குகைச் சுற்றுக்கான டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். அங்கே கடிகாரம் லூயிவில்லைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். டிக்கெட்டில் இருப்பது குகைப் பக்கத்து நேரம்.