இயற்கை மன்றம்: குளக்கரையா, பட்டாம்பூச்சித் தோட்டமா?

திருப்பூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளியில் இயற்கை மன்றம் தொடங்குவோர் குளக்கரையில் பறவை பார்ப்பதா, பள்ளியிலேயே பட்டாம்பூச்சித் தோட்டம் போடுவதா என்ற இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு
குளம்: வேன் வாடகை, இருகண்ணோக்கி (பைனாகுலர்). ஒன்றை முப்பது பேர் பங்கிட்டால் சண்டைதான் மிஞ்சும்.
தோட்டம்: பட்டாம்பூச்சிப் புழுக்கள் தின்னும் கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகள். எருக்கு வேலியோரம் தானாகவே முளைக்கும். அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலம்
குளம்: திருப்பூர் அருகிலுள்ள நஞ்சராயன் குளத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்கக் குளிர்காலமே ஏற்றது. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவது என்றால் எந்தப் பிள்ளையும் வாய் பிளக்கும்.
தோட்டம்: மழைக்குப் பிறகு களைகட்டும். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் புழு, பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் சிறகு விரிக்கும். முட்டையிலிருந்து சிறகுவரை பிள்ளைகளே பார்க்கலாம். குளத்தில் இது கிடைக்காது.

பராமரிப்பு
குளம்: பள்ளிக்கு வேலையில்லை.
தோட்டம்: மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மருந்து அடிக்கவே கூடாது.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தோட்டம்தான் என் தேர்வு. நான்கு, ஐந்தாம் வகுப்பினர் அமைதியாக நிற்பார்கள். ஜனவரியில் குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஈரோட்டுப் பக்கத்தார்க்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது.