ஆண் மார்பு ஆபரேஷன்: கொழுப்பை உறிஞ்சிவிட்டு சுரப்பியை விட்டுவிடுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

"ஒரு மணி நேரம்தான், தழும்பே இருக்காது, மறுநாளே வேலைக்குப் போகலாம்." இப்படி விளம்பரம் போடும் இடங்களில் கைனகோமாஸ்டியா (ஆண்களுக்கு மார்பகச் சுரப்பி பெருத்து மார்பு பெண்களுக்குப் போல வளர்வது) ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் டி-ஷர்ட்டுக்குள் காம்பு பழையபடி துருத்தி நிற்கிறது. திரும்பப் போய்க் கேட்டால் "வெயிட் போட்டுட்டீங்க" என்று பதில் வரும்.

எடை கூடினால் கொழுப்பு சேரும் என்பது உண்மைதான். ஆனால் காம்புக்கு நேர் கீழே மட்டும் கூம்பு போல நிற்பது கொழுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. அது எடுக்காமல் விட்ட சுரப்பி. கொழுப்பு மெத்தென்று இருக்கும், லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை) குழாயில் வந்துவிடும். சுரப்பியோ பள்ளிக்கூட ரப்பர் மாதிரி கெட்டி. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி, கையால் பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு நேரமும் பழக்கமும் வேண்டும், சின்னத் தழும்பும் விழும். "தழும்பே இல்லை" என்று வாக்குக் கொடுப்பவர் இந்த வேலையைச் செய்யப்போகிறாரா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். லேசர் என்ற பெயரைச் சேர்த்தாலும் கெட்டிச் சுரப்பி கரைந்து ஓடிவிடாது.

பில்லில் "சுரப்பி நீக்கம்" என்று இருக்கிறதா? அப்படியானால் எடுத்த சதை எங்கே, பயாப்ஸிக்கு (லேபில் சதையைச் சோதிப்பதற்கு) அனுப்பினீர்களா, ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். இதற்கு மழுப்பினால் சந்தேகப்படலாம்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். முதல் சில வாரங்களில் காம்புக்கு அடியில் கட்டியாகத் தட்டுப்படுவது வீக்கமாகவோ உள்தழும்பாகவோ இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, முழு வடிவம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். தினமும் கண்ணாடி முன் நின்று அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வையுங்கள். மன நிம்மதிக்கும் நல்லது, பின்னால் சாட்சியாகவும் ஆகும். சந்தேகம் தீராவிட்டால், வீக்கம் அடங்கியபின் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் சுரப்பி மீதம் இருக்கிறதா என்பது தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது இன்னும் மோசம். காம்புக்கு அடியில் சுமார் 1 செ.மீ. கனத்துக்குச் சதையை விட்டுவைக்க வேண்டும். மொத்தமாகச் சுரண்டி எடுத்தால் காம்பு குழிந்து தசையோடு ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினால் உள்ளே இழுக்கும். மீதச் சுரப்பியை இன்னொரு முறை எடுத்துவிடலாம், குழியை நிரப்புவது கஷ்டம். வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து வைப்பார்கள். அதில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதால் இரண்டாவது தடவையும் தேவைப்படலாம். தொங்கும் தோல் நிறைய உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெரிய அளவில் எடை குறைத்தவர்களுக்கு, உறிஞ்சுவது மட்டும் போதாது; தோலையும் வெட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரை நம்பாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயங்கள் வேறு. முதல் இரண்டு நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, கடுமையாக வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வலி, வீக்கம் என்றாலும் அப்படியே. சில நாள் கழித்துத் தளும்புகிற மாதிரி வீக்கம் வந்தால் நீர் கோர்த்திருக்கும், ஊசியால் எடுத்துவிடுவார்கள். காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே காட்டுங்கள்.

காரணத்தைத் தேடாமல் கத்தி வைப்பதும் ஏமாற்றுதான். ஜிம்மில் போடும் அனபாலிக் ஸ்டீராய்டு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், முடிக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு எல்லாம் மார்பை வளர்க்கக்கூடியவை. டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடியால், புரோலாக்டின், தைராய்டு ஆகிய ஹார்மோன் பரிசோதனை பற்றிப் பேச்சே எடுக்காமல் ஆபரேஷன் தேதி கொடுத்தால் யோசியுங்கள். பருவ வயதுப் பையன்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே வற்றிவிடும்.

சரியாக வரவில்லை என்று தெரிந்தால், சண்டைக்கு முன் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். ஆபரேஷன் நோட்ஸ், கன்சென்ட் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. "எதிர்பார்த்த மாதிரி வரவில்லை" என்பது மட்டும் அங்கே நிற்காது. வேறொரு பிளாஸ்டிக் சர்ஜன் பரிசோதித்து எழுதிக் கொடுத்த கருத்து வேண்டும்.

"ரிவிஷன் (சரிசெய்யும் மறு ஆபரேஷன்) ஃப்ரீ" என்றால் சர்ஜன் ஃபீஸ் மட்டுமா, மயக்க மருந்தும் தியேட்டர் செலவும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.