பழைய சேர்க்கிட் போட்டையே திருப்பிப் பூட்டி 47,500 ரூபாய்: காஸ் ஹீற்றர் வைத்திருப்பவர்கள் ஒருமுறை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்து வெயிலில் சுடுதண்ணி ஹீற்றரா என்று சிரிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு பதில். என்னிடம் பழைய ரோசா பஸ் ஒன்று இருக்கிறது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கைகள், சின்னக் குசினி, பின்பக்கம் ஒரு குளியலறை என்று கராஜில் விட்டு மாற்றி எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை ஏற்றி ஊர் காட்டுவதுதான் தொழில். கசூரினாவிலும் மணற்காட்டிலும் நிற்கும்வரை சுடுதண்ணியை யாரும் கேட்பதில்லை. நுவரெலியாவுக்கு ஏறினால் கதை வேறு. 1,800 மீற்றருக்கு மேலே, மார்கழி தையில், விடியப்புறம் குழாயைத் திறந்தால் கை விறைக்கும். கனடாப் பனியில் இருந்து வந்தவர்கள்தான் முதல் ஆளாகச் சுடுதண்ணி கேட்பார்கள். அது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

ஹீற்றரை ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒரு பழைய கரவனில் இருந்து கழற்றி, கப்பல் பெட்டிக்குள் உடுப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே வைத்து அனுப்பியிருந்தார். 6 கலன், அதாவது 22 லீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும் அலுமினியத் தாங்கி. எரிவது காஸில். பொறி விழுவது 12 வோல்ற் பற்றரியில். உள்ளே சுவிச்சைப் போட்டால் டிக் டிக் என்று கேட்கும், பிறகு சின்ன ஜெற் போல ஓர் இரைச்சல், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தண்ணி கொதிக்கக் கொதிக்க வரும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன மார்கழியில் ஒரு நாள் சுவிச்சைப் போட்டேன், சத்தமே இல்லை. டிக் டிக் இல்லை. பற்றவைக்க முடியாமல் போனால் எரிகிற சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை. குசினி அடுப்பு நன்றாக எரிந்தது, ஆகவே காஸ் வருகிறது. உள் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ஆகவே பற்றரியும் சரி. இந்த இரண்டையும் பார்த்தபோதே கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அவசரம் என்றால் புத்தி வேலை செய்யாது.

முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. காஸ் அடுப்பு, காஸ் கீசர் எல்லாம் வீட்டுக்கே வந்து திருத்தித் தரப்படும் என்றிருந்தது. அழைத்தேன். பின்னேரம் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு. வெளி மூடியைத் திறந்து, சேர்க்கிட் போட்டை ஒரு பார்வை பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"அண்ணை, போட் எரிஞ்சு போச்சு. மணக்குது பாருங்கோ."

நானும் முகர்ந்து பார்த்தேன். மணந்ததுபோலத்தான் இருந்தது! சொல்லிவிட்டு முகரச் சொன்னால் எதுவும் மணக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

"தம்பி, ஒருக்கா மீற்றர் வைச்சுப் பார்க்கேலாதே?"

"இது காஸ் சாமான் அண்ணை. சும்மா நோண்டினால் பஸ்ஸே போகும். நீங்கள் கை வைச்சுப் போடாதேங்கோ."

அந்த ஒரு வசனம் என் வாயை அடைத்துவிட்டது. 2021 கடைசியில் நாடு முழுவதும் சிலிண்டரும் அடுப்பும் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றிலிருந்து என் மனைவி ரெகுலேற்றர் மாட்டவே என்னைக் கூப்பிடுவார். அந்தப் பயத்தை அந்தத் தம்பி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

பார்த்ததற்கு 3,000 வாங்கினார். போட்டைக் கழற்றிக் கொண்டுபோனார். இரவு தொலைபேசியில், கொழும்பில் ஒரு இடத்தில் ஒரே ஒரு போட் இருக்கிறதாம், 38,500 ஆம், இரவு பஸ்ஸில் ஏற்றிவிடலாமாம். சரி என்றேன். அடுத்த நாள் முற்பகல் பதினொரு மணிக்கு வந்து பூட்டினார். என்னிடம் குடிக்கத் தண்ணி கேட்டார். நான் வீட்டுக்குள் போய்த் தண்ணியும் பிறகு தேநீரும் கொண்டுவருவதற்குள் வேலை முடிந்திருந்தது. சுவிச்சைப் போட்டார், டிக் டிக் கேட்டது, எரிந்தது. கூலி 6,000. எல்லாமாக 47,500. பில் கேட்டேன். "புத்தகம் கடையில அண்ணை, வட்ஸ்அப்பில அனுப்பிவிடுறன்." அமெரிக்காவில் செய்த, இங்கே யாரும் கண்டிராத ஒரு ஹீற்றருக்கு ஒரே இரவில் கொழும்பில் போட் கிடைத்தது எப்படி என்று நான் கேட்கவில்லை. பழைய போட்டைத் தாரும் என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

எரிந்த சுவாலையில் மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தது. அதற்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த ஹீற்றர் புரொப்பேனுக்குச் செய்தது. நம் சிலிண்டரில் பெரும்பங்கு பியூட்டேன். அதே அளவு காஸ் எரிய அது கூடுதல் காற்றுக் கேட்கும், காற்று காணாவிட்டால் மஞ்சளாக எரியும். அதற்காகத்தான் முதலில் பூட்டும்போதே காற்றுக் கதவைக் கொஞ்சம் கூடத் திறந்து, நீலமாக எரிய வைத்திருந்தோம். இரண்டு வருடம் நீலமாக எரிந்தது ஏன் இன்றைக்கு மஞ்சளாக எரிகிறது என்ற கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நுவரெலியாவில் முதல் இரவு. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு அம்மம்மா. ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். ஹீற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவிட்டு எரிந்திருக்கும். குளிர் என்றாலும் ஒரு யன்னலை நான் எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே வைப்பேன். அந்த யன்னல் ஹீற்றரின் புகைவாய்க்குச் சற்று மேலே இருப்பது அதுவரை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தாய்க்குத் தலையிடி. பிறகு மூத்த பிள்ளைக்கும் தலையிடி. மலை ஏறிய களைப்பு என்றார்கள். நானும் ஓம் என்றேன். அம்மம்மாதான், "தம்பி, மண்ணெண்ணெய் விளக்குத் திரி கருகின மாதிரி ஒரு மணம் வருகுது" என்றார்.

இறங்கிப் போய் ரோர்ச் அடித்தேன். புகைவாயைச் சுற்றி பஸ்ஸின் வெள்ளைப் பெயின்ற் ஒரு முழத்துக்குக் கறுத்து, கீழ்ப்பக்கம் கொப்பளித்திருந்தது. சுவாலை உள்ளே எரியாமல் குழாயின் வாய்க்கு வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மூடினேன். எல்லோரையும் வெளியே இறக்கி, பெட்சீற்றைப் போர்த்து, அரை மணித்தியாலம் குளிரில் நிற்க வைத்தேன். பிறகு ஒரு விடுதியில் என் செலவில் அறை எடுத்துக் கொடுத்தேன். காலையில் எல்லோரும் சுகம். அந்த இரவை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. காஸ் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அம்மம்மாவுக்கு மணந்தது கரி. கரி மணக்காமல் இருந்திருந்தால்?

ஊர் திரும்பியதும் அந்தத் தம்பிக்கு அழைத்தேன். முதல் நாள் எடுத்தார். "அது காஸின்ர பிழை அண்ணை, சிலிண்டரை மாத்திப் பாருங்கோ" என்றார். அடுத்த நாளில் இருந்து எடுக்கவே இல்லை.

பிறகு ஹீற்றரைப் பார்த்தவர், தொழில்நுட்பப் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு சேர். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். மல்ரிமீற்றர், ஒரு போத்தல் கழுவும் பிரஷ், ஒரு பழைய பல்துலக்கி, இவ்வளவுதான் ஆயுதம். முதலில் அவர் எதையும் தொடவில்லை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "இந்த நீல வயர் ஆர் போட்டது?" என்றார்.

போட்டுக்குப் பற்றரியில் இருந்து கரண்ட் போகும் வழியில், பேர்னருக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண்ணாடிபோன்ற உறைக்குள் ஒரு துண்டு இருக்கிறது. வெப்பப் பியூஸ். சுவாலை உள்ளே எரியாமல் வெளியே திரும்பினால் அந்தச் சூட்டில் அது உருகி அறுந்துவிடும். அறுந்தால் போட்டுக்கே கரண்ட் போகாது. டிக் டிக் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஒன்றும் இல்லை. நான் முதல் நாள் கண்ட அதே அறிகுறி. அது பழுது இல்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வந்தவர், அறுந்த பியூஸின் இரண்டு முனைக்கும் நீல வயர் ஒன்றைப் போட்டு, கறுப்பு ரேப் சுற்றிவிட்டிருந்தார். நான் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் நடந்த வேலை அதுதான்.

ஆனால் பியூஸ் ஏன் அறுந்தது? சேர் பேர்னர் குழாயைக் கழற்றி நிலத்தில் தட்டினார். விழுந்தது மண். குளவிக்கூடு. நம்முடைய வீட்டு யன்னல் மூலையிலும் சாவித் துவாரத்திலும் களிமண்ணால் கட்டுமே, அதே குளவி. மழைக்காலத்தில் பெரும்பாலும் பஸ் வளவில் சும்மா நின்றது. காஸ் வரும் குழாய்க்குள் வந்து காற்றோடு கலக்கவேண்டிய இடத்தில் குளவி குடித்தனம் நடத்தியிருக்கிறது. கலக்க வழியில்லாத காஸ் வெளியே வந்து எரிந்திருக்கிறது. பிரஷை விட்டு இழுத்தபோது சிலந்தி வலையும் கூட வந்தது. காஸில் கலக்கும் அந்த மணம் சிலந்திகளுக்குப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு மாரிக்கும் பிறகு அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்பதுதான்.

கடைசியாக, 38,500 ரூபாய்ப் புதுப் போட். சேர் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தார். பின்பக்கம், அழியாத பேனையால், மச்சானின் கையெழுத்து. கழற்றும்போது சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்: "வேலை செய்யுது."

முன்பக்கத்தை மட்டும் ஸ்பிரிற் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள்.

சேர் அத்தோடு விடவில்லை. தாங்கியின் அடி அடைப்பைத் திறந்து தண்ணியை வடித்தார். வெள்ளைச் சுண்ணாம்புச் சிதறல் இரண்டு கைப்பிடி வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து எடுக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணியில் கேத்தில் படும் பாடுதான் ஹீற்றரும் படும், அதற்கு வினாகிரி ஊற்றி ஊறவிட்டுக் கழுவினார். அமுக்கம் கூடினால் தானாகத் திறக்கும் வால்வையும் தூக்கிப் பார்த்தார், அது நல்ல நிலையில் இருந்தது. கூலி வாங்கவில்லை. கட்டாயப்படுத்தி ஒரு பெட்டி பனங்கட்டி கொடுத்தேன். புது வெப்பப் பியூஸ் சில டொலர்தான், மச்சான் கடித உறையில் வைத்து அனுப்பினார். அது வரும்வரை ஹீற்றரைத் தொடக்கூடாது என்று சேர் நீல வயரை வெட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னில் அவ்வளவு நம்பிக்கை!

முறையிடலாமே என்று கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண் எனக்கும் தெரியும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. காசு கையில் கொடுத்தது, வட்ஸ்அப் பில் இன்றுவரை வரவில்லை. பெயரையும் இங்கே போடாததற்குக் காரணம் அதுதான்.

அந்தத் தம்பி வீடுகளில் இருக்கும் காஸ் கீசர்களும் திருத்துகிறவர். அவற்றுக்குள்ளேயும் சூடு கூடினால் நிறுத்துகிற பாதுகாப்புத் துண்டு இருக்கும். கொக்குவில், திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கம் கடைசி ஐந்தாறு மாதத்துக்குள் யாராவது வந்து "போட் போச்சு" என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால், சிலிண்டரை மூடிவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். எங்காவது ரேப் சுற்றிய, மற்ற வயர்களோடு ஒட்டாத ஒரு வயர் தெரிந்தால், அன்றைக்குக் குளிக்க அடுப்பில் தண்ணி வையுங்கள்.